படத்தைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்

ஆமாம், ரொட்டியை நான்தான் கொடுத்தேன். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று வார்டு டாக்டர் சொல்லி மூன்றாம் நாள், நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தேத்தண்ணியில் தோய்த்த அரை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து அண்ணனுடைய வாயில் வைத்தேன். இதைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர், "படிச்ச டீச்சர், நீங்களா இப்படிப் பண்ணுனீங்க?" என்று முகம் சுளித்திருக்கிறார்கள். படிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏன் கொடுத்தேன் என்று சொல்கிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல.

எண்பதுகளின் பிற்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்தை உருட்டிப் பிசைகிற ரோலர் மெஷினில் வேலை. நான் அவரைவிட ஏழு வயது இளையவள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனாலேயே அண்ணன் கல்யாண வீட்டில்கூடக் கிளாஸைக் கையில் வாங்க மாட்டார். எனக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று தன் கல்யாணத்தை வேறு தள்ளிப்போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டார். மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகிற வலி. வாந்தி நிற்கவில்லை. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், அவர் டாக்டருக்குப் படிக்காவிட்டாலும். அவர் நாடி பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து வாயை முகர்ந்தார்.

"கசிப்பு எத்தன நாளா?" என்றார். கசிப்பு என்றால் கள்ளச்சாராயம்.

"அவரு குடிக்க மாட்டாருங்க."

"எல்லா லயத்துலயும் இதத்தான் சொல்றீங்க" என்று சொல்லிக்கொண்டே டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். துண்டில் இருந்தது வார்டு அட்டைக்கு அப்படியே ஏறியது. அண்ணனுடைய தலைமாட்டில் தொங்கிய அட்டையில் இங்கிலீஷில் இருந்த அந்தக் குடிகாரப் பட்டத்தை வாசிக்க என்னுடைய அரைகுறை இங்கிலீஷ் போதுமாக இருந்தது. எனக்குக் கொதித்தது. நர்ஸிடம் சொன்னேன். எழுதியதை அவர் மாற்ற முடியாதாம்.

வார்டு டாக்டர் சிங்களப் பையன், படித்து முடித்துப் புதிதாக வந்தவர். கெட்டவர் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எனக்குச் சிங்களம் தெரியும் என்று கண்டதும் விளக்கமாகவே சொன்னார். சதையி வீங்கியிருக்கிறது. கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற உறுப்பு, நானே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். சாப்பாட்டைச் செரிக்க நீர் சுரப்பது அதன் வேலை. அந்த நீர் இப்போது சதையியையே செரித்துக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டால் இன்னும் சுரக்கும். "ஆகவே ஒன்றும் கொடுக்க வேண்டாம், வயிறு ஓய்வெடுக்கட்டும்" என்று முடித்தார்.

அது வரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த நான் அந்தக் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. மாவு கிடைக்கவில்லை. வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள். காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றோம். எங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், ஐந்து வயது. கண்டதைத் தின்று அவளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. அன்றைக்கு டிஸ்பென்சரியில் இருந்தவர் வேறு ஒருவர். அவர் சொன்னார், "ஒன்னும் குடுக்காதீங்க, வயிறு ஓய்வெடுக்கட்டும்." டாக்டர் ஐயா சொன்னால் சொன்னதுதான். அம்மா எங்கிருந்தோ ஒரு பிடி மாவு வாங்கி வந்து ஒரே ஒரு ரொட்டி சுட்டு, சின்னவளுக்குச் சுகமானதும் கொடுக்கலாம் என்று தட்டில் மூடி வைத்தார். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். சின்னவள் ரொட்டியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டாள். அதையும் கொடுக்கவில்லை. பேச்சுக் கேட்கிற பிள்ளை நான். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பதை நான் டீச்சர் பயிற்சிக்குப் போன பிறகு சுகாதாரப் பாடத்தில் படித்தேன். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து அழுத ஒரே ஆள் நான்தான். இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். சின்னவளைப் புதைத்துவிட்டு வந்த அன்று, தட்டில் மூடியிருந்த அந்த ரொட்டியை எடுத்து நான்தான் தின்றேன். பசித்தது, தின்றேன்.

இப்போது சொல்லுங்கள், மூன்று நாள் பட்டினி கிடந்த அண்ணன் என் கையைப் பிடித்து, "தொண்ட காயுது புள்ள, கொஞ்சம் தேத்தண்ணியாவது குடு" என்று கேட்டபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு தடவை சொன்னபடி கேட்டு ஒருத்தியைக் கொடுத்தாகிவிட்டது. மறுபடியும் அதே வார்த்தை. கேட்க மாட்டேன் என்று முடிவு பண்ணினேன்.

சாயங்காலமே வலி பல மடங்காகிவிட்டது. வயிறு உப்பிக் கல்லுப்போல் ஆனது, காய்ச்சல் அடித்தது. போர்வையில் கிடந்த ரொட்டித் துணுக்கை அட்டென்டன்ட் எடுத்துக் காட்டினார். வார்டு டாக்டர் யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. "இவர் செத்தால் கொன்றது நீதான், ஞாபகம் வைத்துக்கொள்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னார்.

நான் தலையைக் குனியவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டேன். இரண்டு உயிர் என் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. அடுத்த இரண்டு நாளும் நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

அண்ணனுடைய மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், காற்று நிரம்பின குடலைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடு என்று தாளை நீட்டினார்.

"தொறந்தா என்ன இருக்கும் டாக்டர்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

திறந்தால்தான் தெரியும் என்றார்.

"தொறக்காம பாக்க ஒரு வழியுமே இல்லையா?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இருக்கிறது, கொழும்பில் சி.டி. ஸ்கேன் மெஷின் இருக்கிறது, அங்கே போய் உன் அண்ணனைப் படம் எடுத்துக்கொண்டு வா என்றார். நக்கலாகத்தான் சொன்னார். தோட்டத்துக்காரி அதோடு வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்திருப்பார்.

"சரி, எழுதிக் குடுங்க" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறொரு தாள் எடுத்து எழுதினார். கொழும்புக்குப் போன் பண்ணி அவரே நேரமும் கேட்டு வாங்கினார். எழுதாமலும் போயிருக்கலாம். அதனால் அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

ஆம்புலன்ஸில் விடிந்ததும் புறப்பட்டோம். கினிகத்தேனை இறக்கம் முழுக்க வளைவுகள். சேலைன் போத்தல் கொக்கியில் நிற்காமல் ஆடியதால் நான் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் பல்லைக் கடித்தார். கித்துள்கலை தாண்டும்போது, "பாப்பா, நான் செத்தா அது ஒன் ரொட்டியால இல்ல" என்றார். வார்டில் டாக்டர் கத்தியதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். பேசாம வாங்கண்ணே என்று அதட்டினேன். போத்தலைப் பிடித்திருந்த கையால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

ஸ்கேன் அறை மலைக்காரியான எனக்கே குளிர்ந்தது. அண்ணனைப் பெரிய வளையத்துக்கு முன்னால் ஒரு பலகையில் படுக்க வைத்திருந்தார்கள். மெஷினை இயக்குகிறவர் ஒரு ஜாடியில் தண்ணீர் போன்ற ஒன்றைக் கொண்டுவந்து மூக்குக் குழாய் வழியாக ஊற்றப் போனார். நான் ஓடிப்போய்க் குழாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இவருக்கு ஒன்னும் குடுக்கக் கூடாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

ஒருமுறை அடிபட்டவள் இல்லையா. அவர் சிரித்தார், பிறகு திட்டினார், நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் படத்தைப் பார்த்து எழுதுகிற டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். கண்ணாடி போட்ட, நடுவயதுச் சிங்களப் பெண்மணி. அது சாப்பாடு இல்லை, படத்தில் குடல் எது சதையி எது என்று பிரித்துக் காட்டுகிற மருந்து என்று பொறுமையாகச் சொன்னார். இன்னொரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்களாம். இரத்தம் ஓடுகிற இடமெல்லாம் அந்த மருந்தும் ஓடி, படத்தில் வெளுப்பாகத் தெரியுமாம். ஓடாத இடம் கறுப்பாகவே நிற்குமாம்.

"அப்படின்னா படத்த எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கமில்லை என்றார்.

"சும்மா சொல்லிச் சொல்லியே ஒரு தங்கச்சிய எங்ககிட்டருந்து வாங்கிட்டாங்க டாக்டர். காட்டுறதா இருந்தா கைய எடுக்குறேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சரி என்றார். நான் கையை எடுத்தேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, மூச்சைப் பிடி, மூச்சை விடு என்று சிங்களத்தில் ஒலிபெருக்கி சொல்வது கேட்டது. ஒவ்வொரு முறையும் நானும் பிடித்துப் பிடித்து விட்டேன்.

டாக்டரம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரே பெரிய பிலிமில் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பல படங்கள். பாண் என்கிற பேக்கரி ரொட்டியை வரிசையாக அரிந்து வைத்ததுபோல அண்ணனுடைய வயிற்றைக் கத்தியே படாமல் அரிந்து வைத்திருந்தது அந்த மெஷின். வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இதோ சதையி. தலைப்பக்கம் வெளுத்திருக்கிறது, அங்கே உயிர் இருக்கிறது. வால்பக்கமும் வெளுத்திருக்கிறது. நடுவில் ஒரு நீளமான இடம் மருந்து ஏறாமல் கறுத்துக் கிடந்தது. அந்த இடம் செத்துவிட்டது என்றார். சுற்றிலும் நீர் கசிந்து இடது சிறுநீரகத்தின் முன்பக்கம் வரைக்கும் தேங்கியிருந்தது. பிறகு பித்தப்பையைக் காட்டினார். அதற்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். கற்கள். அதில் ஒன்று நழுவி வாய்க்காலை அடைத்ததுதான் இத்தனைக்கும் காரணமாக இருக்கும் என்றார்.

"அட்டையில கசிப்புன்னு எழுதியிருக்காங்க."

அட்டையில் இருப்பதை எழுதுவது என் வேலை இல்லை, கண்ணில் படுவதைத்தான் எழுதுவேன், கல் பட்டது, கல் என்று எழுதுகிறேன் என்றார். எனக்கு அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல் இருந்தது.

கேட்கத்தானே வந்திருக்கிறேன், கேட்டுவிட்டேன். "மூனாம் நாளு நான் ரொட்டி குடுத்தேன். இந்தக் கறுப்பு அதனாலயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ரொட்டி வலியைக் கூட்டியிருக்கும், அது தப்புத்தான், ஆனால் இரத்த ஓட்டம் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் முதல் ஓரிரண்டு நாளிலேயே முடிவாகிவிடும், இது நீ கொடுப்பதற்கு முன்னாலேயே தொடங்கியது என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, இனிமேல்தான் கவனம் என்றார். நடுப்பகுதி செத்திருப்பதும் இவ்வளவு நீர் தேங்கியிருப்பதும் கடுமையான வகைக்கு அடையாளம். நாளைக்கே முகம் தெளிந்தாலும் நம்பக் கூடாது. இப்போது வெட்டவும் கூடாது. இன்னும் சில வாரத்தில் அந்தச் செத்த இடத்தில் கிருமி பிடிக்கலாம், பிடித்தால் அன்றைக்கு ஆபரேஷன் தேவைப்படும். தப்பாதவர்களும் உண்டு, தப்பியவர்களும் உண்டு. அது வரைக்கும் வாய்வழியாக எதுவும் கூடாது.

"குடுக்க மாட்டேன். நீங்க காட்டிட்டீங்க" என்றேன்.

வந்த ஆம்புலன்ஸிலேயே திரும்பிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் பிலிமை மார்போடு அணைத்துக்கொண்டு அட்மிஷன் கவுண்டருக்குப் போய்க் கட்டில் கேட்டேன். அங்கிருந்த கிளார்க் அடையாள அட்டை கேட்டார். அண்ணனுக்கு அடையாள அட்டை இல்லை. குடியுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்காகப் பதிலுக்குக் காத்திருந்த தோட்டத்து ஆட்களில் அவரும் ஒருவர்.

"நோவுறது சதையி. அதுக்கு எங்க போய் அடையாள அட்ட எடுக்குறது?" என்றேன். வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். கிளார்க் சிரிக்கவில்லை. நான் கவுண்டரை விட்டு நகரவும் இல்லை. பின்னால் வரிசை நீண்டு சத்தம் போடத் தொடங்கியதும், டாக்டரம்மாவே இறங்கி வந்து, இந்தப் படத்தோடு இந்த ஆளை மலைக்குத் திருப்பி அனுப்பினால் நானே எழுதி மேலிடத்துக்குப் போடுவேன் என்று சிங்களத்தில் சொன்னார். கட்டில் கிடைத்தது. வார்டில் புது அட்டை போட்டார்கள். அதில் கல் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

படம் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இரண்டாம் வாரம் அண்ணனுக்கு முகம் தெளிந்தது, சிரித்தார், பசிக்கிறது என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பாவப்பட்டு பிஸ்கட் நீட்டினார்கள், நான் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தேன். அம்மா மலையிலிருந்து பஸ் ஏறி வந்தார், துணியில் சுற்றிய தேங்காய் ரொட்டியோடு. கட்டிலுக்குப் போக விடாமல் வழியை மறித்தேன்.

"பெத்த புள்ளைக்குச் சோறு போடக் கூடாதுன்னு சொல்றியா? ஒருத்தி பசியோட போனது பத்தாதா?" என்று அம்மா என்னை அடிக்கவே கை ஓங்கினார்.

நான் பிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "இதப் பாருங்கம்மா. வெள்ளையா இருக்குறது உசுரோட இருக்கு. நடுவுல இந்தக் கறுப்பு செத்துப்போச்சு. இது அடங்குற வரைக்கும் குடுக்கக் கூடாது."

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பிலிமைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "கவ்வாத்து வெட்டுன மலையில எல்லாச் செடியும் தளிர் விட்டுட்டு, நடுவுல நாலு செடி மட்டும் பட்டு நிக்குமே, அது மாதிரியா?" என்று கேட்டார்.

"அதேதாம்மா."

"அப்ப பட்டத வெட்டி எடுத்தாத்தான் மத்தது பொழைக்கும்" என்றார். ரொட்டியைத் திரும்பத் துணியில் சுற்றினார். அதன் பிறகு எனக்கு மேலே அவர்தான் காவல் இருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களின் பையை எல்லாம் வாசலிலேயே சோதித்தார்.

நாலாம் வாரம் காய்ச்சல் திரும்ப வந்தது. காத்திருந்த டாக்டர்கள் உடனே ஆபரேஷன் செய்து, செத்த பகுதியை வழித்தெடுத்து, குடலுக்குள் ஒரு குழாயை விட்டு அதன் வழியாக ஊட்டினார்கள். ஒரு வாரம் அவர் எங்களை அடையாளம் தெரியாமல் கிடந்தார். பிறகு ஒரு நாள் கண்ணைத் திறந்து, "பள்ளிக்கூடம் போகலியா?" என்று என்னைக் கேட்டார். அம்மா வார்டு என்றும் பாராமல் சத்தமாக அழுதார்.

இன்னும் பல நாள் கழித்து, கொழும்பு வார்டின் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து, கஞ்சி தாங்கிவிட்டது, இனி ரொட்டிகூடக் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க டாக்டர். ரெண்டாவது தடவ ஸ்கேன் எடுத்தீங்களே, அந்தப் படத்தக் காட்டிட்டுப் போங்க" என்றேன்.

நர்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தார். கொடுக்காதே என்றபோது கொடுத்தவளாம், கொடு என்கிறபோது படம் கேட்கிறாள் என்று டாக்டருடைய முகத்தில் எழுதியிருந்தது. கதை அவர் வரைக்கும் போயிருக்கிறது. ஆனாலும் பிலிமை எடுக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் வந்து அவரே பிடித்துக் காட்டினார். நீர் வற்றியிருந்தது. கறுப்பு இருந்த இடம் சுருங்கி, இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது வெளுத்திருந்தது. நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா தெரிந்தவர்கள் வீட்டில் ஒரே ஒரு ரொட்டி சுட்டு, தட்டில் மூடிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனார். அண்ணன் தானே பிய்த்து, மென்று மென்று பாதியைத் தின்றார். வலி வருகிறதா என்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மீதிப் பாதியை என் பக்கம் நீட்டினார்.

"நீ தின்னு."

"எனக்கு வேணாம்ணே."

"சின்னவளுக்கு வச்சிருந்த ரொட்டிய அன்னைக்கு நீதான் தின்ன. அடுப்புக்குப் பின்னால நின்னு நீ தின்னத நான் பாத்தேன்."

பதினைந்து வருடம் இதை அவர் வைத்திருந்திருக்கிறார்.

"பதினோரு வயசு. பசிச்சிச்சு, தின்ன. அதுக்குப் போயி இத்தன வருஷமா ஊருல உள்ளவங்களோட எல்லாம் சண்ட புடிச்சிக்கிட்டுத் திரியுற" என்றார்.

சண்டையை நான் விடவில்லை. இன்றைக்கும் யார் எதைச் சொன்னாலும் காட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு அந்த அரை ரொட்டியை மட்டும் வாங்கி, அவர் பார்க்கப் பார்க்கத் தின்றேன்.